இருபத்தாறு ஆகட்டும்

நேதன் ஹெப்வர்த்துக்குப் பிடிக்காத எண் ஒன்று இருந்தது. அது இருபத்தாறு.

அவனுக்கு வயது இருபத்திரண்டு. ஸ்கெல்பி ரோவர்ஸ் ரக்பி லீக் அணியில் ப்ராப். அதாவது, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே வரிசை கட்டி நிற்கும் மூன்று தடியர்கள் மேல் நேராகப் போய் மோதி விழுந்து, எழுந்து, மறுபடியும் போய் மோதுகிற ஆள். ஓரத்தில் ஓடுகிறவர்களுக்குப் பத்தொன்பது வயதிலேயே பேர் வந்துவிடுகிறது. நேதனோடு ஒரே வகுப்பில் படித்த ஜூட் இப்போது பெரிய அணியொன்றில் ஓரத்தில் ஓடுகிறான். அவன் முகத்தைப் பஸ்ஸின் முதுகில் ஒட்டி ஊரெல்லாம் சுற்ற விட்டிருக்கிறார்கள். முன்வரிசைக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கழுத்து முற்ற வேண்டும், மூச்சு நிலைக்க வேண்டும், அடி வாங்கி வாங்கி உடம்புக்கே புத்தி வர வேண்டும். அதற்கு இருபத்தாறு ஆக வேண்டும். ஸ்கெல்பியில் இது தெரியாத ஆள் கிடையாது, தெரிந்ததைச் சொல்லாமல் விடுகிற ஆளும் கிடையாது.

இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் விற்கிற கடைக்காரம்மா, கூடத் தருகிற மசித்த பட்டாணியைக் கரண்டியால் அள்ளி வைத்துக்கொண்டே சொல்வாள். முடிவெட்டுகிறவர் கழுத்தை அளந்து பார்த்துச் சொல்வார். "கண்ணு, உனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு."

"அதுவரைக்கும் என்னை என்ன பண்ணப் போறீங்க, ஊறுகாய் போட்டு வைக்கப் போறீங்களா?" என்று ஒருநாள் நேதன் கேட்டேவிட்டான். முடிவெட்டுகிறவர் சிரித்தார். நேதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

வாரம் முழுக்க அவனுக்குச் சாரம் கட்டுகிற வேலை. இரும்புக் குழாய்களைத் தோளில் போட்டு ஏணியேறி, ஊரான் வீட்டுக் கூரைகளைச் சுற்றிக் கூண்டு கட்டுவான். செவ்வாயும் வியாழனும் மாலையில் பயிற்சி. ஆட்டம் என்றால் முதுகில் பதினேழாம் எண், உட்காருவதற்குப் பெஞ்ச். உட்காருவது என்று பேர்தானே தவிர அவனால் உட்கார முடிந்ததில்லை. கால் தன்பாட்டுக்கு ஆடும். நகத்தைக் கடிப்பான், எழுந்து நிற்பான், பின்னாலிருப்பவர்களுக்கு மறைக்கிறது என்று திட்டு வாங்கி உட்காருவான். பெஞ்சுக்குப் பக்கத்தில், உடம்பு சூடு ஆறிவிடாமல் மிதிப்பதற்காக ஓடாத சைக்கிள் ஒன்றைப் போட்டிருந்தார்கள். மற்ற மாற்று ஆட்டக்காரர்கள் அதைப் பத்து நிமிடம் மிதித்தால் பெரிது. நேதன் ஏறினால் இறங்க மாட்டான்.

"எங்கடா போயிட்டிருக்க?" என்று வேலிக்குப் பின்னாலிருந்து வால்டர் கிழவர் கத்துவார். நாற்பது வருடமாக அதே இடத்தில் நிற்கிறவர். "லீட்ஸ் தாண்டிட்டியா? போற வழியில எனக்கு ஒரு பேப்பர் வாங்கிட்டு வா!"

அந்த வேலி முழுக்கச் சிரிக்கும். நேதன் இன்னும் வேகமாக மிதிப்பான். கடைசியில் ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது உள்ளே விடுவார்கள்.

அவன் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவன் டேரன் ஸ்பிங்க். வயது முப்பத்து நான்கு. வலது காது காதாகவே இல்லை, யாரோ மென்று துப்பியது போலிருக்கும். பதினாறு வருடமாக ரோவர்ஸின் முதல் மோதல் அவனுடையதுதான். எதிரணி பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கியதும் அதைப் பிடித்துக்கொண்டு முதலில் போய் முட்டுவது ஸ்பிங்க். அவன் முட்டுகிற சத்தத்தைக் கேட்டபிறகுதான் ஸ்கெல்பிக்காரர்களுக்கு ஆட்டம் தொடங்கியதாகவே அர்த்தம். நேதனைக் கிண்டல் செய்வதென்றால் அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

"வயசு என்னடா ஆச்சு?" என்பான், உடைமாற்றும் அறையில் எல்லோரும் இருக்கும்போது.

"உனக்குத் தெரியாதா?"

"சொல்லேன்டா."

"இருபத்திரண்டு."

"இன்னும் பால்பல்லே விழல. ப்ராப்புக்கு இருபத்தாறு ஆகட்டும். பொறு ராசா, பொறு."

ஆகஸ்ட் கடைசித் திங்கள், வங்கி விடுமுறை நாளில், பக்கத்து ஊர் ஹெம்ஸ்டனோடு ஆட்டம். அதற்கு முந்தைய வியாழன் பயிற்சி முடிந்ததும் கோச் மால்கம் இருவரையும் தனியே கூப்பிட்டார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

"அடுத்த வருஷத்துக்கு ப்ராப் ஒரு இடம்தான் இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் வச்சுக்க முடியும். திங்கக்கிழமை ஆட்டத்தப் பார்த்துட்டு முடிவு பண்ணுவேன். போங்க."

"எட்டு நிமிஷத்துல என்னத்தப் பார்ப்பீங்க கோச்?" என்றான் நேதன்.

"எட்டு நிமிஷத்துல நிறைய பார்க்கலாம்."

வெளியே வந்ததும் ஸ்பிங்க் நேதனின் பிடரியில் தட்டினான். தட்டல் கொஞ்சம் பலமாகவே இருந்தது. "வா, எடை தூக்கணும். பட்டியல் சொல்லு."

பட்டியல் என்பது ரோவர்ஸின் உள்வீட்டுச் சமாச்சாரம். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் டாக்டர் உள்ளே அழைத்துப்போய்ச் சோதிப்பார். ஐந்து சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்பார். சரியாகச் சொன்னால் பதினைந்து நிமிடத்தில் ஆட்டத்துக்குத் திரும்பலாம். டாக்டரிடம் இருந்த தாளில் அப்படி ஐந்து பட்டியல்கள்தான் இருந்தன. மூன்று வருடம் முன்பு யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படமெடுத்துவிட்டான். அன்றிலிருந்து எடை தூக்கும் அறையில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குப் பதில் பட்டியலைச் சொல்லித்தான் தூக்குவார்கள். அதில் தப்பு இருப்பதாக ஒருவருக்கும் தோன்றியதில்லை. ஆட்டத்தில் நிற்பதற்கு என்னென்னவோ செய்கிறோம், இதுவும் ஒன்று என்ற நினைப்பு.

ஸ்பிங்குக்கு அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு முறை தலையில் அடி. மூன்றாவது விழுந்து சோதனையிலும் தவறினால் பூட்ஸை ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதான் என்று டாக்டர் நஸீம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் அவன் மற்றவர்களைவிட மும்முரமாகப் படித்தான். அவன் மல்லாந்து கம்பியைத் தூக்க, தலைமாட்டில் நின்று கம்பி நழுவாமல் பார்த்துக்கொள்கிறவன் நேதன். பட்டியல் கேட்கிறவனும் அவனேதான்.

"மூணாவது," என்றான் நேதன்.

"கதவு... வெங்காயம்... சங்கிலி... குதிரை... தலையணை." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தூக்கு. "தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்டா."

தன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனுக்குத் தானே பாடம் சொல்லிக் கொடுக்கிற மடையன் இந்த உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருப்போம் என்று நேதன் நினைத்துக்கொண்டான். இருந்தும் நான்காவது பட்டியலைக் கேட்டான்.

திங்கள் காலையிலிருந்தே தூறல். மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது நடுக்களம் சேறாகிவிட்டது. ஸ்பிங்க் வழக்கம்போல் முதல் மோதல் மோதினான், வேலியெல்லாம் கத்தியது. நேதன் சைக்கிளில் ஏறினான். மிதித்தான். ஸ்பிங்க் கீழே விழும்போதெல்லாம் நேதனின் மனம் ஒரு நொடி நின்று, எழுந்திராதே, எழுந்திராதே என்று சொன்னது. அவன் எழுந்தான். நேதனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அடுத்த தடவையும் அதையேதான் நினைத்தான்.

இருபத்து மூன்றாவது நிமிடம். ஹெம்ஸ்டன் ஆள் ஒருவன் பந்தோடு வர, ஸ்பிங்க் குனிந்து மடக்கினான். அவன் தலை அந்த ஆளின் இடுப்பெலும்பில் மோதியது. ஸ்பிங்க் எழுந்து நின்று, இரண்டடி பக்கவாட்டில் நடந்து, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். ஆனால் டாக்டர் நஸீம் அதற்குள் களத்துக்குள் ஓடிவிட்டாள்.

"நேதன்! கழட்டு!" என்று மால்கம் கத்தினார். மேல்கோட்டைத்தான் சொன்னார். நேதன் அதைக் கழற்றினானா கிழித்தானா என்று அவனுக்கே தெரியாது.

அந்தப் பதினேழு நிமிடம் அவன் ஆடிய ஆட்டத்தை ஸ்கெல்பியில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். முதல் பந்திலேயே இரண்டு பேரைச் சாய்த்துவிட்டு மூன்றாவது ஆளைக் கழுத்தில் தொங்கவிட்டபடி பத்து மீட்டர் இழுத்துப்போனான். ஹெம்ஸ்டனின் பெரிய ப்ராப்பை அவன் மடக்கியபோது அந்த ஆளின் வாயிலிருந்த பல் கவசம் தனியே பறந்தது. "ஏய், லீட்ஸ்ல என்னடா சாப்பிட்ட?" என்று வால்டர் கத்தினார். பெஞ்சில் வீணாய்ப் போன எல்லா ஆட்டமும் ஒரே நாளில் காலுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. இடைவேளை விசில் ஊதியபோது அவனுக்கு நிற்க மனமில்லை.

உடைமாற்றும் அறையில் மால்கம் சுருக்கமாகப் பேசினார். "நல்லா ஆடினீங்க. ஸ்பிங்கி சோதனையில தேறிட்டான். ரெண்டாம் பாதிய அவன்தான் தொடங்கறான். நேதன், நீ பெஞ்ச்."

"கோச்..."

"பார்த்தேன்டா. நல்லாத்தான் ஆடின. பெஞ்ச்."

நேதன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பிங்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஸ்பிங்க் பூட்ஸ் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நேதனை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடா இது, மேலெல்லாம் சேறு? சைக்கிள்லேர்ந்து விழுந்துட்டியா?"

கிண்டல் என்று நினைத்து நேதன் முழங்கைச் சேற்றை வழித்து எறிந்தான். ஸ்பிங்க் கேட்டது கேட்டபடி பதிலுக்குக் காத்திருந்தான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை.

"நான் உள்ள ஆடிட்டு வரேன் ஸ்பிங்கி. உனக்குப் பதிலா."

"எனக்குப் பதிலாவா? எப்ப?"

நேதன் அவன் பக்கம் சாய்ந்தான். குரலைத் தாழ்த்தி, "மூணாவது பட்டியல் சொல்லு," என்றான்.

"கதவு, வெங்காயம், சங்கிலி, குதிரை, தலையணை." தண்ணீர் பட்ட பாடாக வந்தது.

"காலையில என்ன சாப்பிட்ட?"

ஸ்பிங்க் அறையின் ஒரு மூலையில் தேடினான், மறு மூலையில் தேடினான். "என்னத்தையோ," என்றான். பிறகு தணிந்து, "யார்கிட்டயும் சொல்லாதடா," என்றான்.

களத்துக்குப் போக நான்கு நிமிடம் இருந்தது. நேதன் எழுந்தான், தண்ணீர்த் தொட்டிவரை போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். சொன்னால் இடத்துக்காகக் காட்டிக்கொடுத்தான் என்று ஊர் பேசும். அடுத்த வருடம் முழுக்கப் பேசும், அவனுக்கு நாற்பது ஆனாலும் பேசும். சொல்லாமல் விட்டால் கெட்ட பேர் இல்லை. ஸ்பிங்க் போய் முதல் மோதல் மோதுவான், அவ்வளவுதான். மோதியபிறகு எழுவானோ மாட்டானோ. இதில் மோசம், எழாமல் போனால் இடம் எப்படியும் தனக்குத்தான் என்பதையும் நேதனின் மனம் கணக்குப் போட்டுவிட்டது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அவன் பயந்தான்.

நேரே டாக்டரிடம் போனான். சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னான்.

"டாக்டர், உங்க பட்டியல் எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அஞ்சும். ஸ்பிங்கிக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். காலையில என்ன சாப்பிட்டோம்னு அவனுக்குத் தெரியல."

யாரோ மெல்ல ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

டாக்டர் நஸீம் நேதனைப் பார்த்த பார்வையில் எரிந்துபோகாமல் அவன் நின்றதே பெரிய காரியம். கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஸ்பிங்கின் முன்னால் மண்டியிட்டாள். அறையைச் சுற்றிப் பார்த்து ஐந்து பொருள்களைச் சொன்னாள். "துண்டு, வாளி, ஜன்னல், விசில், ஆரஞ்சு. திருப்பிச் சொல்லுங்க டேரன்."

"கதவு," என்றான் ஸ்பிங்க் தைரியமாக. "வெங்காயம். சங்கிலி..."

"டேரன், நான் சொன்னத."

"குதிரை," என்றான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது, என்ன தப்பு என்று புரியவில்லை. முப்பத்து நான்கு வயது மனிதன், நூற்றுப் பதினைந்து கிலோ, வழி தவறிய பிள்ளை மாதிரி எல்லோர் முகத்தையும் பார்த்தான். கடைசியில் நேதனிடம் வந்து நின்றது பார்வை.

"என் இடத்துக்காகத்தானடா?" என்றான். குரல் தெளிவாகத்தான் இருந்தது. "பதினாறு வருஷம்டா. உன்னால இன்னும் நாலு வருஷம் பொறுக்க முடியலியா? நாயே."

மால்கம் தரையைப் பார்த்தபடி, "நேதன், நீ தொடங்கு," என்றார்.

அவன் ஆசைப்பட்ட முதல் மோதல் அப்படித்தான் கிடைத்தது. பந்து காற்றில் சுழன்று வந்தது, பிடித்தான், ஓடினான், மோதினான். வேலியில் ஒரு சத்தமும் இல்லை. நாலு நிமிடம் போதாதா, ஒரு செய்தி உடைமாற்றும் அறையிலிருந்து வால்டர் வரைக்கும் போக? கூட ஆடுகிறவர்கள் பந்தை அவனுக்குக் கொடுத்தார்கள், கொடுக்காமலில்லை. எதிரணியின் தடியர்கள் எங்கே கூட்டமாக நின்றார்களோ அங்கே பார்த்துக் கொடுத்தார்கள். நேதன் வாங்கிக்கொண்டு போனான். விழுந்தான், எழுந்தான், கேட்டு வாங்கினான். முதல் பாதியில் இருந்த சந்தோஷம் காலில் இல்லை. ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. அறுபதில் ஓர் ஆளை மடக்கத் தவறினான். அவன் விட்ட ஓட்டையில் புகுந்து ஹெம்ஸ்டன் புள்ளி எடுத்தது.

"இருபத்தாறு ஆகட்டும்டா!" என்று வேலியிலிருந்து ஒரு குரல். வால்டருடையது அல்ல.

மால்கம் அவனை மூச்சு வாங்க வெளியே அழைத்தார். பெஞ்சுக்கு வந்த நேதன் திகைத்து நின்றான். ஸ்பிங்க் அங்கே உட்கார்ந்திருந்தான், தோளில் மேல்கோட்டு போர்த்தி, ஒரு கை அந்தச் சைக்கிளின் கைப்பிடிமேல். உள்ளே படுக்கையில் இருக்கச் சொன்னால் கேட்கவில்லை, எழுந்து வந்துவிட்டான், மருத்துவமனை வண்டி வரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் நஸீம் சொன்னாள். அவள் விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தன.

நேதன் தள்ளி உட்காரப் பார்த்தான். ஸ்பிங்க் பக்கத்தில் இடம் ஒதுக்கி, பெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

"வாடா, உட்காரு. சேறும் சகதியுமா நல்லாத்தான் இருக்க." சற்று முன் திட்டியதன் சுவடே அவன் முகத்தில் இல்லை. "என்னை எப்ப கூப்பிடுவாங்க?"

"கொஞ்ச நேரத்துல," என்றான் நேதன்.

"வயசு என்னடா ஆச்சு?"

"இருபத்திரண்டு."

"பால்பல்லே விழல. ப்ராப்புக்கு இருபத்தாறு ஆகட்டும். பொறு ராசா." ஸ்பிங்க் களத்தைப் பார்த்தான். ரோவர்ஸ் நடுவில் அடிவாங்கிக்கொண்டிருந்தது. முட்டிப் போக ஆளில்லை. அவன் கால் மெல்ல ஆடத் தொடங்கியது, நேதனின் கால் எத்தனையோ நாள் ஆடியதைப் போலவே. எழப்போனான்; டாக்டர் அழுத்தி உட்காரவைத்தாள்.

"என்னை எப்ப கூப்பிடுவாங்க?"

"கொஞ்ச நேரத்துல ஸ்பிங்கி."

"உனக்கு வயசு என்னடா?"

நேதன் அவனைத் திரும்பிப் பார்த்தான். அதே கேள்வி, அதே கிண்டல் சிரிப்பு, புதிதாகக் கேட்கிற ஆவல். "இருபத்திரண்டு," என்றான். அதே பதிலும் வந்தது, பால்பல்லும் ராசாவும் ஒன்று மாறாமல். நேதனுக்குக் கண் கரித்தது. துண்டை எடுத்து முகம் முழுக்கத் துடைத்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் கேட்டது இவன் நினைவில் நிற்காது. விளக்கம் சொல்லலாம் என்றால் அதுவும் நிற்காது. நாளைக்கு நினைவு திரும்பும்போது எது திரும்பும், தான் பட்டியல் சொல்லிக் கொடுத்ததா, காட்டிக் கொடுத்ததா?

களத்தில் ரோவர்ஸ் ஆள் ஒருவன் பின்னுக்குத் தள்ளப்பட்டு விழுந்தான். ஸ்பிங்கின் கை நேதனின் தொடையைப் பற்றியது. பிடி இன்னும் இரும்புதான்.

"யாராவது போய் முட்டுங்கடா," என்றான் தவிப்போடு. பிறகு நேதன் பக்கம் திரும்பினான். "டேய், உனக்கு வயசு என்ன?"

நேதன் மூச்சை இழுத்தான்.

"இருபத்தாறு," என்றான்.

ஸ்பிங்க் அவனை உற்றுப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான். சிரிப்பு போய், அந்த நசுங்கிய காதுவரைக்கும் முகம் கோபமாக மாறியது.

"அப்புறம் இங்க என்னடா குந்திக்கிட்டிருக்க? எழுந்து போ. என் இடத்துல போய் நில்லு."

மால்கம் இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை. நேதன் பல் கவசத்தை வாயில் வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டருகே போய் நின்றான்.